புயல் கேட்டவள்

யூன் முதலாம் தேதி தொடங்கி நவம்பர் முப்பதாம் தேதி முடிகிற காலம் ஒன்று உண்டு. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஹரிக்கேன் என்கிற பெரும்புயல்கள் கிளம்புகிற காலம். இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைக் கூட்டித் துடைக்கிற விமலராணிக்கு அந்தக் காலத்தோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பீர்கள். அவளுடைய புருசன் றோபேட் அந்தப் புயல்களை நம்பித்தான் பிழைத்தான்.

கரீபியன் கடலில் ஒரு சின்னத் துறைமுகத்தில் காத்து நிற்கிற நிவாரணக் கப்பலில் அவன் சமையற்காரன். கப்பலின் வயிறு நிறைய ஜெனரேற்றரும் தறப்பாளும் குடிதண்ணீரும். எந்தத் தீவில் புயல் அடிக்கிறதோ அங்கே ஓடிப்போய் இறக்க வேண்டும். இறக்கி முடிந்தால் கப்பல் மறுபடி சாமான் ஏற்றப் போகும். ஆட்களுக்கு ஒரு மாத லீவு. புயல் வராவிட்டால் நவம்பர் முடியும்வரை யாரும் இறங்கக் கூடாது. இடையில் இறங்கினவனுக்கு அடுத்த வருடம் இடமில்லை. போன இரண்டு வருடமும் ஓகஸ்டிலேயே புயல் அடித்தது. செப்டெம்பரில் றோபேட் வீட்டுக்கு வந்து, பலெர்மோவின் கபோ சந்தையில் நின்று வாள்மீனுக்கு விலை பேசினான். பலெர்மோவில் பதினான்கு வருடம் மாடிப்படி கழுவின மனிதனை அந்தக் கப்பலில் 'செஃப்' என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவன் எந்தக் கடலிலும் கிடப்பான்.

இந்த வருடம் அவன் கப்பலேறி இரண்டு கிழமை. யூன் எட்டாம் தேதி, மகள் ஜூலி போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தாள்.

"அம்மா! பப்பாவுக்குச் சித்தாதினான்சா வந்திட்டுது!"

விமலராணி கத்தியைக் கீழே வைத்தாள். குடியுரிமைக்கு எழுதிப் போட்டு எத்தனை வருடம்! கடிதம் வரும் வரும் என்று பார்த்துக் கண் பூத்துப்போய், கடைசியில் அதை மறந்தே போயிருந்தார்கள்.

"வடிவாப் பார் பிள்ளை. பேர் மாறி வந்திருக்கும்."

"றோபேட் எண்டுதான் கிடக்கு. கேளுங்கோ, இதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்குள்ள பப்பா நேர கொமூனே ஒபிசுக்குப் போய்ச் சத்தியம் செய்ய வேணும். அண்டைக்கு எனக்குப் பதினெட்டு ஆகேல்லை எண்டால் நானும் அவரோட சேர்ந்து இத்தாலிக்காரி."

"உனக்கு எப்ப பதினெட்டு?"

"நீங்கள்தானே பெத்தனியள்!"

"சும்மா கேட்டனானடி. நவம்பர் மூண்டு."

"நவம்பர் மூண்டுக்குப் பிறகு பப்பா சத்தியம் செய்தால் அவருக்கு மட்டும்தான்."

ஜூலி இங்கே பிறந்தவளாக இருந்தால் இவ்வளவு அந்தரம் இல்லை. மன்னாரில் பிறந்து, நாலு வயதில் தாயின் இடுப்பில் இருந்து வந்தவள். பதினெட்டு தாண்டினால் தானாக எழுதிப் போட வேண்டும், அதற்குச் சொந்த உழைப்பைக் காட்ட வேண்டும், காட்டினாலும் வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். அவள் படிப்பது கப்பற்படிப்புப் பள்ளிக்கூடத்தில். வருகிற வசந்தத்தில் கரையோரக் காவல்படைச் சோதனை எழுத வேண்டும் என்று ஒரே பிடி. அதற்கு இந்நாட்டுக் கடவுச்சீட்டு இல்லாதவளை வாசலிலும் நிற்க விடமாட்டார்கள்.

பலெர்மோவில் மத்தியானம் இரண்டு மணி என்றால் கப்பலில் காலை எட்டு. காலைச் சாப்பாடு முடித்து றோபேட் எடுப்பான்.

"செஃப் கதைக்கிறன்," என்றான் வழக்கமான பகிடியோடு.

விசயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஒரே கும்மாளம். கூட வேலை செய்கிற பிலிப்பீன்காரர்கள் கை தட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்ப வாறியள்?" என்றாள் விமலராணி.

"என்ன அவசரம்? ஓகஸ்டில ஒண்டு அடிக்கும். செப்டெம்பர் பத்து, அதுக்குள்ள நான் அங்கை."

"அடிக்காட்டி?"

"ராணி, இது அத்திலாந்திக். இஞ்சை புயல் அடிக்காத வருசம் எங்கையடி இருக்கு?"

யூலையில் புயல் அடிக்கவில்லை. அடிக்கிற மாதமும் அது இல்லை என்றான் றோபேட். ஜூலி அமெரிக்காக்காரரின் புயல் படம் ஒன்றைத் தாயின் போனில் போட்டுக் கொடுத்தாள். அதில் மஞ்சள் குறி வந்தால் சாடையாக நம்பலாம், செம்மஞ்சள் வந்தால் நன்றாக நம்பலாம், சிவப்பு வந்தால் சமையற்காரன் வீட்டுக்கு வருவான். படம் நாளாந்தம் நீலமாகவே இருந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.

"இது என்ன சொல்லுது?"

"ஏழு நாளைக்கு ஒண்டும் இல்லையாம்."

"நேற்றும் இதுதானே சொன்னது?"

"நேற்றும் ஒண்டும் இல்லை அம்மா."

பலெர்மோவின் பெல்லெக்ரினோ மலை வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாக ஏறுகிற மலை. ஞாயிறு விடிய எங்கள் சனம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறும். மேலே குகைக்குள் ஊரைக் காக்கிற புனிதை சாந்தா றோசாலியா சிலையாகப் படுத்திருக்கிறாள். பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலிகள் வாங்கி ஓரமாய்க் கொண்டுபோகும். யூலைக் கடைசி ஞாயிறு விமலராணி அங்கே முழங்காலில் நின்று, சொண்டு அசையாமல் கேட்டாள்.

'தாயே, ஒரு புயல் அனுப்பு.'

கேட்ட வாய் கூசிற்று. மன்னாரில் பேசாலையில் ஒன்பது வயதில் அவள் ஒரு புயலைப் பார்த்தவள். விடிந்து பார்த்தபோது கூரை இல்லை, சின்னையாவின் வள்ளமும் இல்லை, சின்னையாவும் இல்லை. அதனால் கொஞ்சம் திருத்திக் கேட்டாள். 'சனம் இல்லாத இடமாப் பார்த்து அனுப்பு.' சனம் இல்லாத இடத்துக்குக் கப்பல் போகாதே. 'சரி, சனம் இருக்கட்டும். ஒருத்தரும் சாக வேண்டாம். கூரை மட்டும் போகட்டும்.' கூரை மட்டும் போவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே கேட்டாள். வந்தால் ஜூலி பிறந்தநாள்வரை ஒவ்வொரு ஞாயிறும் வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று நேர்த்தியும் வைத்தாள்.

வெளியே வந்து செருப்புப் போடும்போது ஞானம்பிகை பிடித்துக்கொண்டாள். யாழ்ப்பாணத்து நெற்றி நிறைந்த திருநீறு, பலெர்மோவில் இருபத்தைந்து வருடம், இரண்டு முழங்காலிலும் வருத்தம், ஒரு ஞாயிறு தவறமாட்டாள்.

"என்ன நேர்த்தி, இவ்வளவு நேரம் முழங்காலில நிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லாத நேர்த்தியோ? சொல்லு பிள்ளை. நாங்களும் சேர்ந்து கேட்டால் கெதியாக் கேக்கும்."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எந்தப் பெண் புயல் வேண்டும் என்று கேட்பாள்?

"இவர் கடலில எல்லே. கடல் அமைதியா இருக்க வேணும் எண்டு…"

"அடி, இதைச் சொல்ல என்ன வெக்கம்!"

ஞானம்பிகை அன்று பின்னேரமே மலையேறுகிற பெண்களின் வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போட்டாள். "பிள்ளையள், எங்கட விமலராணியின்ர அவர் புயல் கடலில நிக்கிறார். இனி ஒவ்வொரு ஞாயிறும் எல்லாரும் அவருக்காக, கடல் அசையாமல் கிடக்க வேணும் எண்டு கேளுங்கோ. மறக்கக் கூடாது." கீழே நாற்பத்திரண்டு கும்பிடுகிற கை. பங்குக் கோயிலில் பாட்டுப் படிக்கிற ஸ்ரெல்லா தன் பங்குக்கு ஒரு செபமே எழுதிப் போட்டாள்.

விமலராணி போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் ஒருத்தி ஒரு பக்கம். நாற்பத்திரண்டு பேர் மறுபக்கம்.

ஓகஸ்டில் தெற்குக் காற்று எழும்பி நகரம் முழுக்கச் செம்மண் கொட்டியது. சிஞ்ஞோராவின் பல்கனியில் கை வைத்தால் கை பதிந்தது. ஜூலிக்கு விடுமுறை, தாய்க்கு ஒத்தாசையாக வந்திருந்தாள். உள்ளே மின்விசிறிக்கு முன்னால் இருந்த கிழவி, "ஆபிரிக்கா முழுவதும் என் பல்கனிக்கே வந்திருக்கிறது, கழுவுங்கள், கழுவுங்கள்," என்று குரல் வைத்தாள்.

"அம்மா, இந்தத் தூசிதான்," என்றாள் ஜூலி.

"எந்தத் தூசி?"

"சகாராவில இருந்து இஞ்சை கொஞ்சம் வருது. மற்றப் பக்கத்தால அத்திலாந்திக்குக்கு எவ்வளவோ போகுது. காத்துக் காய்ஞ்சு போய்ப் புயல் கட்டேலாதாம். எங்கட வாத்தியார் அம்மா படிப்பிச்சவ. இந்த வருசம் சரியான தூசியாம்."

"இதே தூசியோ?"

"இதே தூசி."

விமலராணி வாளியைக் கவிழ்த்து ஊற்றினாள். அன்றைக்கு அந்தப் பல்கனியை மூன்று தரம் கழுவினாள். கிழவிக்கு நல்ல சந்தோசம்.

செப்டெம்பர் நாலாம் தேதி றோசாலியாவின் திருநாள். மலைப் பாதை முழுக்கச் சனம். குகைக்குள் ஸ்ரெல்லா தன் செபத்தை வாய்விட்டுச் சொல்ல, பெண்கள் திருப்பிச் சொன்னார்கள்: "அலைகளை அடக்கியருளும். காற்றுகளைக் கட்டியருளும்." விமலராணியும் சொன்னாள். சொல்லாமல் எப்படி நிற்பது? அவளுடைய புருசனுக்காகத்தானே சொல்கிறார்கள்.

இறங்கி வரும்போது ஞானம்பிகை முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்: "கடல் எப்பிடியாம்?"

"அமைதியாம் அக்கா."

"பாத்தியே! உச்சக் காலத்திலயே அமைதி. அவ கேக்கிறவடி, கேக்கிறவ."

மறுநாள் மத்தியானம் றோபேட் எடுத்தான். குரலில் பழைய பகிடி இல்லை.

"விசர் பிடிக்குது ராணி. மூண்டு மாதத்துக்கு மேலா காட்ஸ் விளையாடுறம். நங்கூரத்தில பாசி பிடிச்சிட்டுது. கப்ரின் சொல்லுறார், முப்பது வருசத்தில இப்பிடி ஒரு செத்த கடலைக் காணேல்லையாம்."

ஜூலி போனைப் பறித்தாள். "பப்பா, விட்டிட்டு வாங்கோ. கொமூனேயில உங்கட சத்தியத்துக்கு ஒக்ரோபர் இருபத்தேழு நேரம் தந்திருக்கினம். என்ர பிறந்தநாளுக்கு முந்தி அதுதான் கடைசி."

"வருவன் குஞ்சு. அம்மா ஒரு சொல்லுச் சொல்லட்டும், நாளைக்கே இறங்கிறன். அம்மாவிட்டக் குடு."

விமலராணி போனை வாங்கினாள்.

"சொல்லு. வரட்டோ?"

அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். 'வாங்கோ.' அதைச் சொன்னால் வருவான். வந்து சத்தியம் செய்வான். அதற்குப் பிறகு? அடுத்த வருடம் கப்பல் இல்லை. மறுபடி மாடிப்படி, மறுபடி வாளி. பின்னேரம் வந்து லைட் போடாமல் கதிரையில் குந்தியிருப்பான். எண்பது வயதுவரைக்கும் சொல்லுவான்: 'நீ வரச்சொன்னபடியால் வந்தனான். இல்லாட்டி நான் செஃப்.' அந்த மனிதனோடு சீவித்த வருடங்கள் அவளுக்கு நினைவிருந்தன.

"உங்கட விருப்பம்," என்றாள்.

"என்ர விருப்பத்தை விடு. நீ சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்ல? கப்பலில நிக்கிறது நீங்கள். உங்களுக்குத்தான் தெரியும்."

"அப்ப இன்னும் ரெண்டு கிழமை பாப்பம். ஆபிரிக்காக் கரையில ஒண்டு வெளிக்கிட்டிருக்காம்."

அது வெளிக்கிட்டு மூன்று நாளில் கரைந்தது. அதற்குப் பின்னால் வந்ததும் கரைந்தது. 'உங்கட விருப்பம்' என்று தாய் சொன்ன அன்றிலிருந்து ஜூலி புயல் படத்தை வாசித்துச் சொல்வதை விட்டுவிட்டாள். விமலராணிக்கு அந்த ஆங்கில வரி பாடமாகிவிட்டது. எழுத்துத் தெரியாவிட்டாலும் அதன் நீளத்தை வைத்துச் சொல்லுவாள், இன்றைக்கும் ஒன்றும் இல்லை என்று.

ஒக்ரோபர் பதினெட்டாம் தேதி படத்தில் சிவப்பு வந்தது.

றோபேட் மத்தியானத்துக்குக் காத்திருக்கவில்லை. "ராணி! எழும்பிட்டுது! எல்லாத்தையும் இறுக்கிக் கட்டுறம். நாளையிண்டைக்கு ஒரு தீவில முட்டும். ரெண்டு நாள் இறக்குவம். இருபத்தைஞ்சு நான் பிளேன் ஏறுவன். பிள்ளையிட்டச் சொல்லு!"

"எந்தத் தீவு?"

"எந்தத் தீவெண்டால் உனக்கென்ன?"

அவளுக்கு என்னதான்? ஆனாலும் அந்தத் தீவின் பெயரை ஜூலியிடம் கேட்டுப் படம் பார்த்தாள். தகரக் கூரைகள், ஒரு வெள்ளைக் கோயில், கரையில் இழுத்துப் போட்ட வள்ளங்கள். ஒரு கிழவி தலையில் பெட்டியோடு போகிறாள். விமலராணி போனை மூடினாள். மூடிவிட்டு, 'வரட்டும்' என்று சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

புயல் தீவுக்கு இருநூறு மைல் கிட்டவாக வந்தது. வந்து, யாரோ தோளில் தட்டிக் கூப்பிட்ட மாதிரி வடக்கே திரும்பியது. திறந்த கடலில் ஒருவருக்கும் ஒரு சேதமும் இல்லாமல் சுழன்று சுழன்று செத்தது.

வட்ஸ்அப்பில் செய்தி போட்டது ஸ்ரெல்லா. "கர்த்தருக்கு நன்றி! புயல் திரும்பிவிட்டது!" கும்பிடுகிற கை, பூ, மெழுகுதிரி. போன் துடித்துக்கொண்டே இருந்தது.

இருபத்தேழாம் தேதி ஜூலி தனியக் கொமூனேக்குப் போய் நேரத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு வந்தாள். டிசெம்பர் நாலு கொடுத்தார்கள். றோபேட்டின் ஆறு மாதத்துக்குள் அது அடங்கும். ஜூலியின் பதினெட்டுக்குள் அடங்காது.

பிறந்தநாளுக்கு விமலராணி கேக் வாங்கி வைத்தாள். ஜூலி ஒரு துண்டு வெட்டித் தாய்க்கு ஊட்டினாள், தானும் தின்றாள், கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். அழுதிருந்தால் விமலராணிக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு ஞானம்பிகை வாசலில் வந்து நின்றாள், பெரிய சட்டியோடு.

"என்னக்கா இது?"

"பொங்கல் புக்கை. நீ நேர்த்தியை மறந்தாலும் நான் மறப்பனே? காலம் முடியப் போகுது, கடல் ஒரு சொட்டு அசையேல்லை. கேட்டதைத் தந்தவளுக்குக் குடுக்க வேண்டியதைக் குடுக்க வேணும். வெளிக்கிடு. ஜூலி, நீயும் வா பிள்ளை, சட்டியில ஒரு பக்கம் பிடி."

மலையில், குகை வாசலில், பெண்கள் சுற்றி நின்றார்கள். ஞானம்பிகை அகப்பையை விமலராணியின் கையில் கொடுத்தாள். "உன்ர கையாலயே குடு. உன்ர நேர்த்தி."

விமலராணி முதல் அகப்பையை அள்ளினாள். அள்ளின கை அந்தரத்தில் நின்றது.

"அக்கா, நான் இதைக் கேக்கேல்லை."

"எதை?"

"கடல் அமைதியா இருக்க வேணும் எண்டு நான் கேக்கேல்லை. புயல் தா எண்டு கேட்டனான். புயல் அடிச்சால்தான் இவருக்கு லீவு. லீவு கிடைச்சால்தான் பிள்ளைக்குச் சித்தாதினான்சா."

ஸ்ரெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"உன்ர சின்னையா புயலில போனதெண்டு நீதானேயடி சொன்னனி," என்றாள் ஞானம்பிகை மெல்ல.

"ஓம்."

"தெரிஞ்சும் கேட்டனியோ?"

"ஓம்."

"கேட்டதுதான் கேட்டாய், எங்களிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே. இந்த முழங்காலோட பதினைஞ்சு ஞாயிறு ஏறினன். உன்ர பிள்ளைக்கு எதிராயோ நான் ஏறினன்?"

ஜூலி தாயின் கையிலிருந்து அகப்பையை வாங்கினாள். கோபமாக இல்லை, ஆறிப்போன சாப்பாட்டை எடுத்து வைக்கிற மாதிரி வாங்கினாள்.

"ஞானம் மாமி, அம்மா சாந்தாவிட்டக் கேட்டவ, ஆபிரிக்காவிட்டக் கேட்டவ, காத்திட்டக் கேட்டவ. பப்பாவிட்ட மட்டும் கேக்கேல்லை. 'வாங்கோ' எண்டு ஒரு சொல்லு. அதுக்கு மலை ஏறத் தேவையில்லை. ஃபோன் காணும்." பிறகு தட்டை நீட்டினாள். "புக்கையைச் சாப்பிடுங்கோ. ஆறினால் நல்லா இராது."

றோபேட் டிசெம்பர் இரண்டாம் தேதி வந்து இறங்கினான். நன்றாகக் கொழுத்திருந்தான். மகளைக் கட்டிப் பிடித்தான். அவள் பிடிக்க விட்டாள். அடுத்த வருடத்துக்கும் கப்பலில் இடம் உறுதி என்று சொன்னான். தாயும் மகளும் அவனையே பார்த்தபடி நிற்க, அவன் சத்தம் கூடியது.

"என்னை ஏன் ரெண்டு பேரும் இப்பிடிப் பாக்கிறியள்? நான் கேட்டனான்தானே! வரட்டோ, வரட்டோ எண்டு கேட்டனான். ஓம் எண்டு சொன்னியோ ராணி? 'உங்கட விருப்பம்' எண்டாய்."

"வாற மனிசன் கேட்டுக்கொண்டோ நிப்பான்?"

"நீ சொல்லியிருந்தால் வந்திருப்பன்."

"நீங்கள் வந்திருந்தால் நான் சொல்லத் தேவையில்லை."

எஞ்சிய நாளெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று இருவருக்கும் தெரிந்தது.

நாலாம் தேதி கொமூனேயில் மூன்று பேரும் வடிவாக உடுத்திக்கொண்டு நின்றார்கள். தோளில் மூவர்ணப் பட்டி போட்ட அதிகாரிப் பெண் நல்ல மனிசி, சிரித்த முகம். குடியரசுக்கு உண்மையாக இருப்பேன், சட்டங்களைக் கைக்கொள்வேன் என்கிற வாசகத்தை றோபேட் தாளைப் பார்த்து வாசித்தான். இரண்டு இடத்தில் நாக்குப் பிரண்டது. கை தட்டினார்கள். அதிகாரி கைகொடுத்துவிட்டு, பேனாவைத் திறந்தாள்.

"உங்களோடு வசிக்கிற, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்களா?"

றோபேட் விமலராணியைப் பார்த்தான். விமலராணி றோபேட்டைப் பார்த்தாள். அவன் சொல்லுவான் என்று அவளும், அவள் சொல்லுவாள் என்று அவனும் நின்றார்கள்.

"இல்லை," என்றாள் ஜூலி. "ஒருவரும் இல்லை."

அதிகாரி எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, தலை நிமிர்ந்து, ஜூலியிடம் அன்பாகவே கேட்டாள்:

"உங்கள் இத்தாலியன் பலெர்மோக்காரரின் இத்தாலியன் மாதிரியே இருக்கிறதே. எங்கே பழகினீர்கள்?"

"இங்கேதான், சிஞ்ஞோரா."